டப்ளினிலிருந்து புறப்பட்டால் இலாபமா?



கண்டிப் பகுதியிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள், கணவனோடும் மூன்று பிள்ளைகளோடும் லண்டனில் வசிக்கிறார். பாடசாலை விடுமுறைக்கு ஊர் வருவதற்காக ஐந்து பேருக்கும் டிக்கட் விலை விசாரித்த மருமகன் மலைத்துப் போய்விட்டாராம். அவரோடு வேலை செய்யும் ஒருவர், "லண்டனிலிருந்து ஏன் புறப்படுகிறீர்கள்? அயர்லாந்தின் டப்ளினுக்குப் போய் அங்கிருந்து கொழும்புக்கு டிக்கட் எடுங்கள். மிகவும் மலிவு" என்று சொல்லியிருக்கிறார். அந்த டிக்கட் லண்டன் வழியாகவே கொழும்புக்கு வருமானால், டப்ளினுக்குப் போகாமல் லண்டனிலேயே ஏறிக்கொள்ளலாமே என்று மருமகன் யோசிக்கிறார். "இது இலாபமா? இப்படிச் செய்வது சரியா?" என்று அத்தாய் இரண்டு கேள்விகள் கேட்கிறார்.

இரண்டும் நல்ல கேள்விகள். எமது குடும்பங்களில் பலருக்கு இன்று லண்டனிலோ பாரிஸிலோ மெல்பேர்னிலோ ஒரு மகளோ சகோதரியோ இருக்கிறார். ஆகவே பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விலை ஏன் வேறுபடுகிறது?

தூரம் கூடினால் கட்டணம் கூடும் என்றே நாம் பஸ் வண்டியிலும் ரயிலிலும் பழகியிருக்கிறோம். விமானக் கம்பனிகள் அவ்வாறு விலை வைப்பதில்லை. ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பேர் பயணம் செய்வார்கள், அவர்களால் எவ்வளவு கொடுக்க முடியும், போட்டிக் கம்பனி என்ன விலைக்கு விற்கிறது என்பவற்றைப் பார்த்தே அவை விலை குறிக்கின்றன. லண்டனிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. இடையில் இறங்கி மாறத் தேவையில்லாத அந்த வசதிக்கு மக்கள் அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். டப்ளினிலிருந்து வருபவர் எப்படியும் டுபாயிலோ தோஹாவிலோ அபூதாபியிலோ லண்டனிலோ மாறித்தான் வர வேண்டும். பல கம்பனிகள் அவரைத் தம் பக்கம் இழுக்கப் போட்டியிடுவதால் விலை இறங்குகிறது.

நாட்டின் பணநிலையும் விலையை மாற்றும். 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளில் நைஜீரியாவில் டிக்கட் விற்ற பணத்தை டொலராக்கி வெளியே கொண்டுபோக முடியாமல் வெளிநாட்டு விமானக் கம்பனிகள் திண்டாடின. அங்கே மலிவான டிக்கட்டுகள் கிடைக்காமற் போக, நைஜீரியர் பலர் தரைவழியாகவும் சிறு விமானங்களிலும் கானாவின் அக்ரா நகருக்குப் போய் அங்கிருந்து பயணத்தை ஆரம்பித்தனர். எமது கொழும்புக்கும் இதில் ஒரு பெயருண்டு. உயர் வகுப்பில் பயணிக்கும் வெளிநாட்டவர் சிலர், இங்கிருந்து தொடங்கும் டிக்கட் மலிவாகக் கிடைக்கும் காலங்களில், கொழும்புக்கு வந்து தமது நீண்ட பயணத்தை ஆரம்பிக்கிறார்கள். ஆகவே மருமகனின் நண்பர் சொன்னது வெறும் கதையல்ல.

வரியின் கணக்கு

லண்டன் டிக்கட்டில் இன்னொரு பாரமும் உண்டு. பிரித்தானியாவிலிருந்து புறப்படும் பயணிக்கான விமான வரி 1994 நவம்பரில் ஆரம்பமானது. அப்போது ஐரோப்பாவுக்குள் 5 பவுண், ஏனைய இடங்களுக்கு 10 பவுண். இலங்கை போன்ற தூரத்துக்குச் சாதாரண வகுப்பில் அது 2025 ஏப்ரலில் 90 பவுணாகியது. அயர்லாந்து தனது விமான வரியை 2014 ஏப்ரலில் நீக்கிவிட்டது. டப்ளினில் தொடங்கும் ஒரே டிக்கட்டில் லண்டனில் 24 மணித்தியாலத்துக்குள் விமானம் மாறினால் பிரித்தானிய வரியும் விழாது.

இதைக் கேட்டதும் ஐந்து பேருக்கு 450 பவுண் மிச்சம் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. சாதாரண வகுப்பில் பயணிக்கும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இவ்வரி 2016 மார்ச் முதல் இல்லை. எனவே 2025ஆம் ஆண்டு வீதப்படி இக்குடும்பத்தில் வரி பெற்றோர் இருவருக்கு மட்டுமே, 180 பவுண். லண்டனிலிருந்து டப்ளினுக்குப் பறப்பதற்கும் அதே 2025 வீதப்படி ஆளுக்கு 13 பவுண் வரி. அந்த 26ஐக் கழித்தால் வரியில் மிஞ்சுவது 154 பவுண்தான். பாரிஸிலிருந்து புறப்பட்டால் வரியே இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் சரியன்று. பிரான்ஸ் 2025 மார்ச்சில் தூரப் பயணத்துக்கான வரியைச் சாதாரண வகுப்பில் 40 யூரோவாக உயர்த்தியது.

வழிச்செலவு

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். டப்ளினில் தொடங்கும் போய்வரும் டிக்கட் டப்ளினிலேயே முடியும். ஆகவே லண்டனிலிருந்து டப்ளினுக்குப் போகவும், விடுமுறை முடிந்து டப்ளினிலிருந்து லண்டனுக்குத் திரும்பவும் தனி டிக்கட்டுகள் வேண்டும். ஐந்து பேருக்குப் பத்து ஆசனங்கள்!

ஓர் உதாரணம் போடுவோம். கணக்கைக் காட்டுவதற்காக நான் வைக்கும் தொகைகளே இவை. நீங்கள் உண்மை விலைகளைப் போட்டுப் பாருங்கள்.

டப்ளினுக்குப் போய்வர ஆளுக்கு 80 பவுண் வீதம் ஐவருக்கு 400. மலிவு விமானங்களில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். நான்கு பெட்டிகளுக்கு ஒரு வழிக்கு 30 பவுண் வீதம் இரு வழிக்கும் 240. ஓர் இரவு ஹோட்டலும் சாப்பாடும் 120. மொத்தம் 760 பவுண். அதாவது டப்ளின் டிக்கட் ஒவ்வொன்றும் லண்டன் டிக்கட்டைவிட 152 பவுண் குறைவாக இருந்தால் கணக்கு சரிசமமாகும். அதற்கு மேல் குறைந்தால்தான் இலாபம் என்ற பேச்சே தொடங்குகிறது.

தனியாகப் பயணிக்கும் ஒரு வாலிபனுக்கு நிலைமை வேறு. அவன் தோளில் ஒரு பையோடு போவான். விமான நிலையத்தில் நாற்காலியிலேயே இரவைக் கழிப்பான். அவனுக்கு இலாபமான வழி கைக்குழந்தையுள்ள குடும்பத்துக்கு இலாபமாகும் என்பதில்லை.

சுமப்பவர் யார்?

பணக் கணக்கில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு டிக்கட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால் அவற்றுக்கிடையே எந்தத் தொடர்பும் இல்லை. லண்டனிலிருந்து போகும் சிறு விமானம் தாமதித்து, டப்ளினில் கொழும்புப் பயணத்தின் விமானம் போய்விட்டால், இரண்டாவது கம்பனி பொறுப்பேற்காது. பயணி வரவில்லை என்று பதிந்து, திரும்பி வரும் பகுதியையும் சேர்த்தே டிக்கட்டை ரத்துச் செய்துவிடக்கூடும். முழுப் பயணமும் ஒரே டிக்கட்டில் இருந்தால், இடையில் விமானம் தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பனியின் பொறுப்பு.

பெட்டிகளும் நேரே கொழும்புக்கு வருவதில்லை. டப்ளினில் அவற்றை வெளியே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். வெளியே வருவதென்றால் அந்நாட்டுக்குள் நுழைவதாகும். பிரித்தானியக் கடவுச்சீட்டுள்ளவருக்கு இதில் சிரமமில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு லண்டனில் வசிப்பவருக்கு பாரிஸில் நுழைய ஷெங்கன் வீசா வேண்டும். பிரித்தானிய வதிவிட அனுமதி அதற்கு ஈடாகாது. அயர்லாந்து ஷெங்கனில் சேர்ந்த நாடல்ல. அதற்கென்று தனி விதிகள் உண்டு. ஒரே குடும்பத்தில் பிள்ளைகளிடம் ஒரு கடவுச்சீட்டும் தாயிடம் வேறொன்றும் இருப்பது சாதாரணம். எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

கணவனுக்கு இரண்டு வாரம்தான் லீவு கிடைக்கும். மனைவி பிள்ளைகளோடு முன்னரே புறப்பட்டு வருவாள். பல வீடுகளில் நடப்பது இதுதான். அப்படியானால் நள்ளிரவில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேற்றூரில் நிற்கப்போவது அவள்தான். டிக்கட் எடுப்பதற்கு முன்னர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? மிச்சப்படுத்துபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர் என்றால் சுமப்பவரின் சம்மதம் முதலில் வேண்டும். வீட்டு விடயங்களை மஷூரா செய்து முடிவெடுங்கள் என்று நாம் சொல்வது இதற்காகத்தான்.

பேரப்பிள்ளை பிறக்கும் நேரம் இங்கிருந்து போகும் தாய்மாருக்கும் இதே ஆலோசனைதான். சென்னைக்குப் போய் அங்கிருந்து லண்டன் விமானம் ஏறினால் மலிவு என்று சொல்வார்கள். இந்திய வீசா, பெட்டி மாற்றம், மொழி தெரியாத அதிகாரிகள், முழங்கால் வலி எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். வயதான உம்மாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரே டிக்கட்டே நல்லது.

சரியா, பிழையா?

இனி இரண்டாவது கேள்வி. டப்ளினுக்கு உண்மையாகவே போய், அங்கிருந்து ஏறி, திரும்பும்போதும் டப்ளினில் வந்து இறங்குவதில் எந்தத் தவறும் இல்லை. அந்த விலையைக் கம்பனியே பகிரங்கமாக வைத்து விற்கிறது. மலிவான கடையைத் தேடி அடுத்த ஊருக்குப் போவது போன்றதுதான் இது.

லண்டனில் ஏறிக்கொள்ளலாம் என்ற மருமகனின் யோசனை அப்படியல்ல. முதலாவது அது நடக்காது. டிக்கட்டின் முதற்பகுதியைப் பயன்படுத்தாவிட்டால் பெரும்பாலான கம்பனிகள் மிகுதி அனைத்தையும் ரத்துச் செய்துவிடும். ஐந்து பேரும் பெட்டிகளோடு லண்டன் விமான நிலையத்திலிருந்து வீடு திரும்ப வேண்டிவரும்.

திரும்பி வரும்போது கடைசிப் பகுதியை விட்டுவிட்டு இடைவழியில் இறங்கிப் போகிறவர்களும் உண்டு. 2016இல் ஒஸ்லோவில் முடிய வேண்டிய பயணத்தை பிராங்பேர்ட்டில் நிறுத்திக்கொண்ட ஒரு பயணிமீது லுப்தான்சா கம்பனி 2,112 யூரோ கேட்டு வழக்குத் தொடர்ந்தது. பெர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேலதிகக் கட்டணத்தைக் கணிக்கும் முறை தெளிவாக இல்லை என்பதே காரணம். அதை வைத்து, அப்படி இறங்கிப்போவது எல்லா இடத்திலும் அனுமதிக்கப்பட்டது என்று முடிவெடுக்க முடியாது.

நீதிமன்றம் விட்டாலும் எமக்கென்று ஓர் அளவுகோல் உண்டு. டிக்கட் என்பது ஓர் உடன்படிக்கை. அதன் நிபந்தனையை ஏற்றுக்கொள்ளும்போதே அதை நிறைவேற்றுவதில்லை என்ற நிய்யத்தை மனதில் வைப்பது ஒரு முஃமினுக்கு அழகல்ல. இடையில் நோய் வந்தாலோ, அவசரம் ஏற்பட்டாலோ, திட்டம் மாறினாலோ அது வேறு விடயம். வேண்டுமென்றே பொய்ப் பயணம் எழுதி வாங்குவது வேறு.

எப்போது உதவும்?

பாரிஸிலோ டப்ளினிலோ சொந்தக்காரரைப் பார்க்க எப்படியும் போவதாயிருந்தால் அங்கிருந்து டிக்கட் எடுங்கள்; வழிச்செலவு ஏற்கனவே உங்கள் பயணத்தில் அடங்கிவிடும். ஒவ்வோர் ஆண்டும் ஊர் வரும் குடும்பமானால், ஒரு முறை ஒருவழி டிக்கட்டில் வந்து, கொழும்பில் தொடங்கி லண்டன் போய், ஓர் ஆண்டுக்குள் கொழும்புக்கே திரும்பும் டிக்கட்டின் விலையைக் கேட்டுப் பாருங்கள். லண்டனிலிருந்து புறப்படும் பகுதிக்கு வரி அதிலும் உண்டு; அடிப்படைக் கட்டணம் குறைவாக இருந்தால் மட்டுமே நன்மை.

எதுவானாலும், வீசா கிடைத்த பின்னரே டிக்கட் எடுங்கள். தனித்தனி டிக்கட் என்றால் முதல் நாளே அந்த ஊருக்குப் போய்த் தங்குங்கள்.

கண்டித் தாய்க்குச் சொல்வது இதுதான். மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி மகளுக்கு அனுப்புங்கள். அவர்கள் இருவரும் உண்மை விலைகளைப் போட்டுப் பார்த்து, சேர்ந்து முடிவெடுக்கட்டும். மிச்சம் சிறிதளவே என்றால் நேரே வரச்சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் களைப்பில்லாமல் வந்து சேர்வார்கள். விடுமுறையில் ஒரு நாளாவது கூடுதலாக உங்கள் வீட்டில் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.