சுகர் ஏறினால் பதறுகிறோம்... ஆஸ்பத்திரி பெட்டில் இறங்கினால்?

மணப்பாட்டில் ஒருவரை பெட்டில் சேர்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோதான் வண்டி பிடிக்க வேண்டும். திருச்செந்தூரே சுமார் 18 கி.மீ. தூத்துக்குடி அதற்கும் அப்பால். ஒருவர் நோயாளியோடு தங்க, இன்னொருவர் சோறும் குழம்பும் தூக்குவாளியில் கொண்டுபோவார். பஸ் தாமதமானால் சாப்பாடும் தாமதம். மற்ற நோயாளிகளுக்கு அது வெறும் பசி. சற்று முன்புதான் இன்சுலின் போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிக்கு அது ஆபத்து.

சுகர் 300, 400 என்று ரிப்போர்ட் வந்தால் வீடே கலங்கிப்போகும். ஆனால், 60 என்று வந்தால் 'நல்லா குறைஞ்சிட்டே' என்று சந்தோஷப்படுபவர்களும் இருக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே அது 'லோ சுகர்'. 54-க்குக் கீழே போனால் உடனடியாகக் கவனிக்க வேண்டிய நிலை. மூளைக்கு முக்கிய எரிபொருளே குளுக்கோஸ்தான். அது குறைந்தால் குழப்பம், வலிப்பு, மயக்கம் என்று நிலைமை வேகமாக மோசமாகும். இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம்.

சுகரை இறுக்கிப் பிடிப்பதுதான் நல்லது என்று மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம்பியது. 2001-ல் பெல்ஜியத்தின் லூவென் நகரில் நடந்த ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் சுகரை 80 முதல் 110-க்குள் வைத்தபோது உயிரிழப்பு குறைந்தது. பல நாட்டு மருத்துவமனைகள் அதைப் பின்பற்றத் தொடங்கின. 2009-ல் வெளியான 'நைஸ்-சுகர்' ஆய்வு அந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது. தீவிர சிகிச்சையில் இருந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களை (எல்லோரும் சர்க்கரை நோயாளிகள் அல்லர்) இரண்டாகப் பிரித்தார்கள். 81 முதல் 108-க்குள் இறுக்கிப் பிடித்த பிரிவில் 90 நாள்களுக்குள் 27.5 சதவிகிதம் பேர் இறந்தார்கள். 180 வரை விட்டுப்பிடித்த பிரிவில் 24.9 சதவிகிதம். சுகர் 40-க்கு இறங்கிய கடுமையான சரிவு, முதல் பிரிவில் 6.8 சதவிகிதம் பேருக்கு, மற்றதில் 0.5 சதவிகிதம் பேருக்குத்தான்.

அதனால்தான் இன்று உள்நோயாளிகள் பலருக்கும் 140 முதல் 180 என்பதையே டாக்டர்கள் இலக்காக வைக்கிறார்கள். 'ஏன் டாக்டர் இன்னும் நார்மலுக்கு வரலை?' என்று வார்டில் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

சரி, டாக்டரும் நர்ஸும் இருக்கும் இடத்திலேயே ஏன் சுகர் இறங்குகிறது? ஊசி ஒரு நேரத்தில், உணவு இன்னொரு நேரத்தில் என்பது முதல் காரணம். ஊசி போட்ட பிறகு 'ஸ்கேன் இருக்கு, எதுவும் சாப்பிடக் கூடாது' என்பார்கள். காய்ச்சலில் நாக்கு கசந்து இரண்டு வாய்க் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார். சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடுவார். ஊசியோ உள்ளே போய்விட்டது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். மூச்சுத் திணறலுக்காக ஸ்டீராய்டு கொடுத்து, பிறகு அதைக் குறைக்கும்போது இன்சுலினையும் சேர்த்துக் குறைக்காவிட்டால் சரிவு வரும்.

இன்னொரு காரணம், நம் வீடுகளிலிருந்தே கிளம்புகிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்த மாத்திரையையெல்லாம் போடுகிறார்களா என்பது வேறு கதை. விடியும் முன்னே கடலுக்குப் போகிறவர் காலை மாத்திரையை விட்டுவிடுவார். சிலர் 'இன்னைக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று விடுவார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் மட்டும், திட்டு விழுமே என்ற பயத்தில் 'தினமும் தவறாமப் போடுதேன்' என்பார்கள். டாக்டர் அதை நம்பி, சீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் முழு அளவில் எழுதுவார். வார்டில் நர்ஸ் வேளை தவறாமல் கொடுப்பார். பாதி மாத்திரைக்குப் பழகிய உடம்பில், பாதிச் சாப்பாட்டோடு முழு மாத்திரையும் வேலை செய்தால் என்ன ஆகும்? வீட்டில் உண்மையில் எத்தனை வேளை போட்டார் என்பதை அவர் சொல்லாவிட்டாலும் உடனிருப்பவர் சொல்லிவிட வேண்டும். மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது.

பகலில் அறிகுறிகள் ஓரளவு தெரியும். கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, வியர்வை. இரவில்தான் சிக்கல். 'அப்பா நல்லா உறங்குதாவ, எழுப்ப வேண்டாம்' என்று விட்டுவிடுவோம். நெற்றி சில்லென்று வியர்த்திருக்கிறதா, தலையணை நனைந்திருக்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சரியாகப் பதில் வருகிறதா என்று தொட்டுப் பாருங்கள். பல வருடங்களாகச் சர்க்கரை உள்ள முதியவர்களுக்கு நடுக்கம், படபடப்பு எதுவுமே வராமல் நேரடியாகப் பேச்சு குழறலாம். பிரஷருக்கும் இதயத்துக்கும் போடும் சில மாத்திரைகளும் படபடப்பை மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் நர்ஸைக் கூப்பிட்டு, விரலில் குத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நினைவோடு இருந்து, விழுங்கவும் முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் பவுடர், தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி குளுக்கோஸ். ஏறிய பிறகு சாப்பாடு. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவருக்கு நரம்பு வழியாகத்தான் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்ற வேண்டும்.

பக்கத்து ஊர் உடன்குடி என்பதால் இந்தப் பக்கத்து வீடுகளில் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. லோ சுகருக்கும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அவசரத்துக்கு அதுவும் உதவும். ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் வகை மாத்திரை போடுபவர்களுக்குக் கருப்பட்டியோ சீனியோ சட்டென்று வேலை செய்யாது. அவற்றிலுள்ள சுக்ரோஸைக் குடல் உடைப்பதையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்களுக்கு நேரடி குளுக்கோஸ்தான் வேண்டும். டப்பா ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுபவருக்கு ஒருமுறை சுகரை ஏற்றிவிட்டதோடு நிம்மதியடைய முடியாது. சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம் என்பதால், 'சரியாயிட்டு, வீட்டுக்குப் போறோம்' என்று அன்றைக்கே கிளம்பிவிடக் கூடாது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, எந்த மாத்திரை நின்றது, எது குறைந்தது, இன்சுலின் எத்தனை யூனிட் என்பதைத் தனித் தாளில் எழுதி வாங்குங்கள். இன்சுலின் வீட்டில் போடுவதென்றால் சிரிஞ்சையும் பாருங்கள். நம் ஊரில் 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அடர்த்தியில் இன்சுலின் கிடைக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்துவிட்டால், 10 யூனிட் போடுவதாக நினைத்து 25 யூனிட் போட்டுவிடுவோம். மருந்துக் கடையில் பில் போடும் முன்பே பாட்டில் லேபிளில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிடுங்கள்.