பயம் விளையாட்டாகும் முற்றங்கள்

ஒக்டோபர் மாதக் கடைசியில் ரொறன்ரோவின் குடியிருப்புத் தெருக்களில் நடப்பவர்கள் சில வீடுகளின் முன்னால் தயங்கி நிற்க நேரும். புல்தரையில் கல்லறைக் கற்கள் நட்டிருக்கும். மண்ணுக்குள்ளிருந்து கைகள் நீண்டிருக்கும். மரக்கிளையில் துணியால் சுற்றிய உடல் ஒன்று தொங்கும். எல்லாமே ரெஜிபோமும் பிளாஸ்டிக்கும்தான். ஒக்டோபர் 31 ஹலோவீன் இரவுக்காக வீட்டையே பேய்வீடாக மாற்றுவது வட அமெரிக்காவில் பலருக்குப் பல மாத உழைப்பைக் கேட்கும் பொழுதுபோக்கு. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பெருந்தொகையான ஈழத்தமிழர் வாழ்வதால் அது இன்று எங்கள் அயல்வீட்டு விடயமுமாகிவிட்டது.

ஹலோவீன் வழக்கத்தை அங்கு கொண்டுசென்றவர்களும் குடியேறிகள்தான். அயர்லாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் சென்றவர்கள், அறுவடை முடிந்து இருள்காலம் தொடங்கும் நாளில் இறந்தோர் திரும்பி வருவர் என்ற நம்பிக்கையையும் தம்முடன் எடுத்துச் சென்றனர். 1930களின் பொருளாதார மந்த காலத்தில் அந்த இரவில் இளைஞர்களின் குறும்புகள் எல்லை மீறின. அவர்களைத் தெருவிலிருந்து உள்ளே இழுப்பதற்காகப் பெற்றோர் வீட்டு நிலக்கீழ் அறைகளில் பயமுறுத்தும் பாதைகளை அமைத்தனர். வீட்டுப் பேய்வீட்டின் தொடக்கங்களில் ஒன்று அதுதான். 1969இல் டிஸ்னிலாண்டில் 'ஹோண்டட் மேன்ஷன்' திறக்கப்பட்டது. 1970களில் தொண்டு அமைப்புகள் நிதி திரட்டப் பேய்வீடுகளை நடத்தின. இன்றும் சில வீட்டுக்காரர்கள் நுழைவுக் கட்டணத்துக்குப் பதிலாக உணவு வங்கிக்கான தகர உணவுகளைப் பெற்றுக்கொள்கிறார்கள்.

சந்தையும் பின்தொடர்ந்தது. 2020இல் ஹோம் டிப்போ நிறுவனம் 12 அடி உயரப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்றை 299 டொலருக்கு விற்பனைக்கு விட்டபோது, கையிருப்பு விரைவிலேயே தீர்ந்துபோனது. 2023இல் அமெரிக்கர்கள் ஹலோவீனுக்காக 12.2 பில்லியன் டொலர் செலவிடுவார்கள் என்று அந்நாட்டின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு மதிப்பிட்டது.

பயத்தை ஏன் ஒருவர் விரும்பித் தேட வேண்டும்? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேய்வீடு ஒன்றுக்குள் சென்ற 110 பேரின் இதயத்துடிப்பை அளந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். பயம் மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் மகிழ்ச்சி குறைந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவில்தான் அது உச்சத்தில் இருந்தது. அதாவது பயம் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும்வரைதான் அது விளையாட்டு. நுழைவதா இல்லையா என்பதை நாம் தீர்மானிக்கிறோம். வெளியேறும் வாசல் எங்கே என்று தெரியும். முகமூடிக்குப் பின்னால் நிற்பவர் அயல்வீட்டுக்காரர் என்பதும் தெரியும்.

அந்த வாசல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு கசப்பான பாடம் உண்டு. 1984 மே 11 அன்று நியூ ஜேர்சியிலுள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பேய்வீட்டில் தீ பரவியது. உள்ளே அகப்பட்ட எட்டுப் பதின்ம வயதினர் உயிரிழந்தனர். அதன் பிறகு பேய்வீடுகளுக்கான தீப்பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன.

எங்களில் பலர் கண்ட பயத்துக்கு நுழைவுத் தெரிவும் இருக்கவில்லை, வெளியேறும் வாசலும் இருக்கவில்லை. பதுங்குகுழிக்குள் இருந்தவருக்கு அது எப்போது முடியும் என்று தெரியாது. புகை இயந்திரமும் திடீர் வெடிச்சத்தமும் ஒரு பிள்ளைக்குச் சிரிப்பை வரவழைக்கும் அதே கணத்தில், அருகில் நிற்கும் அம்மம்மாவின் உடலை 2009க்கு இழுத்துச் செல்லக்கூடும். இது பலவீனமல்ல. ஆபத்தைக் கற்றுக்கொண்ட உடல் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

எலும்புக்கூடு என்பதும் எங்களுக்கு வேறொன்று. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணி மனிதப் புதைகுழி அகழ்வில் 200க்கும் அதிகமான எலும்புத்தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் சிறுவர்களுடையவையும் இருந்தன. புத்தகப் பையும் விளையாட்டுப் பொம்மையும்கூட மண்ணிலிருந்து வந்தன. வாசலில் நிற்கும் 12 அடிப் பிளாஸ்டிக் உருவம் யாருடைய பிள்ளையும் அல்ல. அதனால்தான் அதைப் பார்த்துச் சிரிக்க முடிகிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கு எந்த எலும்பும் பெயரில்லாத எலும்பு அல்ல.

இதற்காக அயலவரைக் குற்றவாளியாக்கத் தேவையில்லை. அவர்களுடைய பண்பாட்டில் மரணத்தோடு விளையாடுவது அதை எதிர்கொள்ளும் ஒரு வழி. அதே சமூகத்துக்குள் இடம்விடும் வழக்கமும் உண்டு. அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய சிலர், பட்டாசு வெடிக்கும்போது தங்களையும் நினைத்துக்கொள்ளுமாறு கேட்டு வீட்டின் முன்னால் அறிவிப்புப் பலகை வைக்கிறார்கள். உணவு ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்காக இனிப்பல்லாத பரிசுகளை வைத்திருக்கும் வீடுகள், வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்து அதைத் தெரிவிக்கின்றன. இந்த வழக்கம் 2014இல் அமெரிக்கா முழுவதற்கும் கொண்டுசெல்லப்பட்டது. உரத்த சத்தத்தையும் மின்னும் ஒளியையும் முன்கூட்டியே எச்சரிக்கும் பலகையொன்று வைக்குமாறு நாங்களும் கேட்கலாம். கேட்பது அவமானமல்ல.

இதைவிடக் கடினமான வேலை வீட்டுக்குள் இருக்கிறது. அங்கு பிறந்த பிள்ளை அந்த இரவுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கிறது. அப்பாவோ அன்று வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்கிறார். ஏன் என்று பிள்ளைக்குத் தெரியாது. அப்பாவுக்கு இது பிடிக்காது என்று மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. போரைப் பற்றிப் பேசாத பல வீடுகளில் இடைவெளி இப்படித்தான் வளர்கிறது.

பிள்ளையை அந்த இரவிலிருந்து தடுப்பது தீர்வல்ல. பயத்தை விளையாட்டாக மட்டும் அறிந்த தலைமுறை ஒன்று எங்களுக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு. அந்தப் பேறு எதைக் கடந்து வந்தது என்பதை, வயதுக்கேற்ற அளவில், அதனிடம் சொல்லிவிட வேண்டும். "நீ போய் வா. நான் ஏன் வரவில்லை என்பதை வந்தபின் சொல்கிறேன்" என்று அப்பா தொடங்கினாலே போதும்.