ஆமைக்குத் தலைவிதி உண்டா?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம் ஜனங்களிடையே வெகுகாலமாய் வழங்கி வரும் பழமொழி. அமீனா விஷயம் சரி. ஜப்தி உத்தரவோடு வருகிறவன் வீட்டில் தட்டுமுட்டுச் சாமானை விட்டுவைக்க மாட்டான். ஆமை செய்த குற்றம் என்னவென்று மாத்திரம் எவரும் சொல்லக் காணோம். கூர்மாவதாரம் என்று கோயிலில் அதைக் கும்பிடுகிறவர்களே, வாசலில் அது ஊர்ந்து வந்தால் தடியெடுக்கிறார்கள். கும்பிடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். அதன் இரத்தத்தில் ஒரு சொட்டெடுத்துப் பரீட்சித்துப் பாருங்கள் என்கிறோம் நாம்.

ஏனென்று கேட்பீர்கள். கொருக்குப்பேட்டைவாசிகளுக்குப் பக்கிங்காம் கால்வாயின் நிறத்தையும் நாற்றத்தையும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கொடுங்கையூர்க் குப்பை மேடு. வடக்கே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், இதே கால்வாயின் வடபகுதி வழியாய்க் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் போய்ப் படிந்தது. படகுக்கும் வலைக்கும் நஷ்டம் கணக்கிட்டார்கள். இரத்தத்துக்குள் நேரும் நஷ்டத்துக்கு எந்தக் கணக்குப் புஸ்தகத்தில் பத்தி இருக்கிறது?

இப்பக்கத்தில் ஒருவனுக்குப் புற்றுநோய் கண்டால் இரண்டு சமாதானங்கள் தயாராயிருக்கின்றன. படித்தவர், "அவன் பீடி பிடித்தான், சாராயம் குடித்தான்" என்பார். பக்தர், "பூர்வஜன்ம கர்மம்" என்பார். இரண்டுக்கும் ஆமை இடங்கொடாது. ஆமை பீடி பிடிப்பதில்லை. சாராயக் கடைக்குப் போவதில்லை. அதற்கு ஜாதகம் கணித்தவரும் இல்லை. அதன் உயிரணு சிதைந்திருந்தால் அது கிடக்கும் தண்ணீரையும் சேற்றையும்தானே கேட்க வேண்டும்?

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. மனிதனுடைய சிவப்பு இரத்த அணுவில் உட்கரு கிடையாது, ஆமையினுடையதில் உண்டு. உட்கருவில்தான் பெற்றோரிடமிருந்து வந்த மரபுப்பொருள் இருக்கிறது. விஷப்பொருளால் அது உடைந்தால், அணு இரண்டாய்ப் பிரியும்போது உடைந்த துண்டு பின்தங்கி, பெரிய உட்கருவின் பக்கத்தில் சிறு புள்ளியாய் நிற்கும். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவிச் சாயமேற்றி, பூதக்கண்ணாடியில் அப்புள்ளிகளை எண்ணிவிடலாம். ஆமையைக் கொல்ல வேண்டியதில்லை. மீன் இன்று இங்கே, நாளை எங்கேயோ. ஆமையோ பல வருஷம் உயிரோடிருந்து, பெரும்பாலும் ஒரே குளத்தைச் சுற்றிக் கொண்டு, அங்குள்ள நத்தையையும் செத்ததையும் தின்று காலம் தள்ளுவது.

அயல்நாட்டார் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் சவானா ஆற்றங்கரையில் அணுகுண்டுக்கு வேண்டிய பொருள் செய்த இடத்தில், கதிரியக்கம் கலந்த நீர்த்தேக்கத்து ஆமைகளின் மரபுப்பொருள் கெட்டிருந்ததை 1991-ல் வெளியிட்டார்கள். அஸர்பைஜானில் ரசாயன ஆலைகள் நிறைந்த சும்காயித் பட்டணத்துக் குளத்தாமைகளையும் தூரத்துக் குளங்களின் ஆமைகளையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். சும்காயித் நம் மணலிக்கு அண்ணன் போன்ற ஊர்.

நிற்க, ஆமையின் இரத்தம் கெட்டிருப்பதாலேயே இன்ன மனிதனுக்கு இன்ன வியாதி என்று ருஜுவாகிவிடாது. அப்படிச் சொல்கிறவன் ஜோசியனுக்குத் தம்பி. ஆனால் மனிதரைச் சோதிக்க வேண்டிய இடம் எது என்பதை அது காட்டும். நம் ஏரி குளங்களில் பாலாமையும் காராமையும் உண்டு. 1972-ம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்பதால் கண்டவர் பிடித்து ஊசி போடக்கூடாது; வன இலாகாவின் அனுமதி பெற்றுக் கற்றவர் செய்ய வேண்டிய வேலை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் புட்டியில் தண்ணீர் பிடித்துப் போவதோடு நில்லாமல், கொருக்குப்பேட்டை, மணலிப் பக்கத்து நீர்நிலைகளிலும், ஒப்பிடுவதற்காக ஆலையே இல்லாத கிராமத்து ஏரி ஒன்றிலும் வருஷந்தோறும் இச்சோதனை நடத்தி, முடிவைத் தமிழில் அச்சிட்டு ரேஷன் கடை வாசலில் ஒட்ட வேண்டும். தேடியும் கால்வாயில் ஒரு ஆமைகூட அகப்படவில்லையென்றால், அதையும் அந்தக் காகிதத்திலேயே அச்சிடட்டும்.