மூடியில் கை வைத்துப் பாருங்கள்

ஃபைபர் படகுக்குப் பழைய 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, ‘எந்த வருஷத்து மாடல்?’ என்றுதான். என்னைக் கேட்டால், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசினார்களா என்பதில்தான் இன்ஜினின் ஆயுள் இருக்கிறது. அலசாமல் போட்டால், குளிர்விக்கும் நீர் ஓடும் வழியில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு வருஷ இன்ஜின்கூடச் சூடேறி இறுகிவிடும். ஆகவே, வருஷத்தைக் கேட்பதற்கு முன், பார்க்கப் போனதும் இன்ஜின் மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று காத்திருந்து, பிறகு கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். மக்கர் பண்ணும் இன்ஜின் அப்போதுதான் மாட்டிக்கொள்ளும். ஓடத் தொடங்கியதும் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் இடைவிடாமல் பீய்ச்சியடிக்க வேண்டும். அடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு கியர் பெட்டியின் கீழ்த் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் ஆயிலை விரலில் எடுத்துப் பாருங்கள். பால் விட்ட காபிபோல வெளுத்திருந்தால், சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. சிலிண்டர்களுக்கிடையே கம்ப்ரஷன் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டாலும் விலகிவிடுவது நல்லது. கீழ்ப்பகுதியில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால், அதன் அடியில் அரிப்போ விரிசலோ இருக்கலாம். இத்தனையும் பார்க்க விடாத விற்பனையாளரிடம் விலை எவ்வளவு குறைவாகப் படிந்தாலும் வாங்காதீர்கள். இதையெல்லாம் பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள்; அவர் கூலியை மிச்சம் பிடிப்பது சிக்கனமே அல்ல. நடுக்கடலில் மோட்டார் நின்றால் உடன்வந்தவர்களின் உயிருக்கும் நீங்கள்தான் பொறுப்பு.