எலியின் மூக்குக்கு நஞ்சு தெரியாது

எலிக்கு விஷ வாடை பிறவியிலேயே தெரியும். ஒன்று செத்தால் மற்றவற்றுக்குச் சேதி போய்விடும். அதனால்தான் அடுத்த வாரம் வைக்கும் மருந்தை எதுவும் தொடுவதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சாமையும் கேழ்வரகும் வீட்டுக்குள் சேமிக்கப்பட்டு, பலாவும் வாழையும் அன்னாசியும் சந்தைக்கு வரும் கொல்லிமலைச் சோளக்காடு போன்ற ஊரில் எலி சின்னத் தொல்லை அல்ல. அதைப் பற்றிய தவறான எண்ணமும் சின்னத் தவறு அல்ல.

கண்ணால் கண்டது உண்மைதான். அதற்குச் சொல்லும் காரணம்தான் பிழை. வழக்கமாக வைக்கப்படும் கறுப்புப் பொடி துத்தநாக பாஸ்பைடு. அதற்குப் பூண்டு போன்ற வாடை உண்டு. வயிற்று அமிலம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவாக மாறி, சிறிது நேரத்திலேயே எலியை வாட்டும். கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி, தன் வேதனையை அந்தச் சுவையோடும் வாடையோடும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. பிறகு அந்தப் பக்கமே போகாது. பிறவி அறிவாக இருந்தால் முதல் இரவே விலகியிருக்க வேண்டுமே! புரோமடியோலோன் போன்ற மருந்துகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. இரத்தம் உறைவதை அவை மெல்லத் தடுப்பதால் சாவு வரச் சில நாட்கள் ஆகும். வேதனைக்கும் தீனிக்கும் இடையே அவ்வளவு இடைவெளி விழுவதால் எலி இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மறுநாளும் வந்து அதையே தின்கிறது. அதுவும் நஞ்சுதான், மூக்கும் அதே மூக்குதான்.

எலி மூக்கின் கூர்மையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் மணம் உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை எலியில்தான் கண்டுபிடித்தார்கள்; 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். எலியிடம் அத்தகைய மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல். மணம் இடப்புறமிருந்து வருகிறதா வலப்புறமிருந்தா என்பதை, இரு நாசிகளையும் ஒப்பிட்டு, ஓரிரு முகர்வுகளிலேயே எலி அறிகிறது என்று 2006-இல் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் காட்டியது. ஆனால் ஒரு மணத்தைப் பிரித்தறிவது வேறு. அது நல்லதா கெட்டதா என்று முடிவு செய்வது வேறு. இந்த இரண்டாவது வேலை மூளையுடையது. அங்கே ஓடும் வேதிப்பொருள்களே அதை நடத்துகின்றன.

மூக்கிலிருந்து செல்லும் நரம்புகள் முதலில் சேரும் இடம் மூளையின் முன்முனையில் உள்ள முகர்குமிழ். அது வெறும் வழிப்போக்குச் சாவடி அல்ல. மூளையின் உட்பகுதிகளிலிருந்து நாரட்ரீனலின், அசிட்டைல்கோலின், செரட்டோனின் ஆகியவற்றைக் கொண்டுவரும் நரம்புகள் அங்கே வந்து இறங்குகின்றன. டோபமைன் சுரக்கும் செல்கள் குமிழுக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுத்தால், நெருங்கிய இரண்டு மணங்களை எலி வேறுபடுத்தத் திணறும். பசித்த சுண்டெலியின் மூளையில் ஊறும் கஞ்சா ஒத்த வேதிப்பொருள்கள் அதன் மோப்பத்தைக் கூர்மையாக்கி அதிகம் தின்ன வைக்கின்றன என்று 2014-இல் தெரியவந்தது.

குட்டிகளில் நடப்பது இதைவிட வியப்பானது. பிறந்து ஒன்பது நாள் வரை, ஒரு மணத்தோடு சேர்த்து இலேசான மின்னதிர்ச்சி தந்தாலும் குட்டி அந்த மணத்தை நாடியே போகும். அந்த வயதில் நாரட்ரீனலின் பெருகிப் பாய்கிறது. அச்சத்தைப் பதிய வைக்கும் அமிக்டலா இன்னும் அந்த வேலைக்கு வரவில்லை. தாய் மிதித்தாலும் குட்டி தாயை விட்டு விலகக் கூடாது என்பதற்கான ஏற்பாடாக இதைக் கருதலாம். பத்து நாளுக்கு மேலான குட்டிக்கு அதே மணமும் அதே வலியும் வெறுப்பைத் தரும். பிறவியிலேயே வரும் பூனை வாடை அச்சம்கூட அசையாத ஒன்று அல்ல. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி தொற்றிய எலி மற்ற அச்சங்கள் பெரிதும் குலையாமலே பூனை வாடைக்கு மட்டும் அஞ்சாமல் போகிறது என்று அஜய் வியாஸும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2007-இல் காட்டினார்கள். அமிக்டலாவில் வாசோபிரசின் மரபணுவின் மீதுள்ள வேதிக் குறி குறைவதை அதற்கான காரணங்களில் ஒன்றாக 2014-இல் வெளியிட்டார்கள்.

செத்த எலி சேதி சொல்லும் என்பது இன்னும் பெரிய பிழை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலஃப் நடத்திய சோதனைகளில், ஓர் எலியின் மூச்சில் எந்தத் தீனியின் மணம் வந்ததோ அதையே மற்ற எலி விரும்பித் தின்றது. மூச்சில் இயல்பாக உள்ள கார்பன் டைசல்ஃபைடு அந்த மணத்துக்கு நற்சான்று ஆகிறது. மூச்சுவிட்ட எலி நோயுற்றுக் கிடந்தபோதும் மற்றது அந்தத் தீனியை வெறுக்கவில்லை. எலிகளுக்கிடையே பரவுவது எச்சரிக்கை அல்ல, விருப்பம்.

மோப்பம் பிடித்துவிட்டது என்று நம்புகிறவர் மருந்தின் அளவைக் கூட்டுகிறார். வாடை கூடுகிறது, எலி இன்னும் விரைவாக விலகுகிறது, கோழிக்கும் நாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து பெருகுகிறது. வேளாண் துறைகள் பரிந்துரைக்கும் முறை இதற்கு நேர்மாறானது. புதியது எதையும் எலி தயங்கியே தொடும் என்பதால், முதல் இரண்டு மூன்று நாள் நஞ்சில்லாத நொய்யும் எண்ணெயும் வைத்துப் பழக்க வேண்டும். பிறகு 96 பங்கு தானியம், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு துத்தநாக பாஸ்பைடு என்ற அளவில் ஒரே முறை வைக்க வேண்டும். பிழைத்த எலிகளுக்கு அதே பொடியை உடனே மறுபடி வைப்பது வீண். அவற்றுக்கு மெல்லக் கொல்லும் மருந்துதான் பொருந்தும்.