இன்ஜின் மாற்றிய ஜீப்புக்குச் சோதனை வேண்டும்

ஜீப்பின் இன்ஜினை மாற்றுவது என்றால், தேய்ந்துபோன இன்ஜினை இறக்கிவிட்டு, வேறொரு வண்டிக்கென வார்க்கப்பட்ட இன்ஜினை அதே சேஸில் ஏற்றி உட்கார வைப்பது. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் போடும் வேலை. இரும்பு முக்காலியில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, லேத்துப் பட்டறையில் ஒரு தகடு கடைந்து வாங்கி, வீட்டு வாசலிலேயே இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. சட்டம் இதைத் தடுக்கிறது. ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்தவர் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிச் சான்று பெறுவதற்கு ஒரு வழியை அது வைக்கவில்லை. அந்த வழியைத் திறக்க வேண்டும். திறந்தால், அங்கே முதலில் சோதிக்க வேண்டியது பிரேக்கை.

இன்ஜின் மாற்றம் ஜீப்புக்குப் புதிதல்ல. வில்லிஸ் நிறுவனம் 1953-இல் தன் ஜீப்பில் பழைய 'கோ டெவில்' இன்ஜினுக்குப் பதிலாக 'ஹரிக்கேன்' இன்ஜினை வைத்தது. இரண்டும் 2.2 லிட்டர்தான். ஹரிக்கேனில் உள்ளிழுக்கும் வால்வுகள் சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறியதால் இன்ஜினின் உயரம் கூடிற்று, பானெட்டைத் தூக்க வேண்டி வந்தது. சி.ஜே. 3பி என்ற அந்த உயர்ந்த பானெட் ஜீப்பைத்தான் மஹிந்திரா பல பத்தாண்டுகள் இந்தியாவில் தயாரித்தது. பெட்ரோல் விலை ஏறியபோது நிறுவனமே டீசலுக்கு மாறியது. 1979-இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜினுக்கு உரிமம் பெற்றது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மி.மீ. விட்டம் என்பதே அந்த எண்ணின் பொருள். கொள்ளளவு 2,112 சி.சி. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் தயாரித்த பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்கள் அதற்கு முன்பே பெட்ரோல் லாரிகளில் ஏறியிருந்தன. நிறுவனங்கள் வரைபடமும் சோதனைக் களமும் வைத்துச் செய்த வேலையைத்தான் பட்டறைகள் கண் அளவிலும் கை அனுபவத்திலும் செய்கின்றன.

இந்த மாற்றம் ஏன் தேவைப்படுகிறது என்பது கல்வராயன் மலைப் பக்கம் போனால் புரியும். எலவனாசூர்கோட்டை உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில், சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம் என்று போனால் அந்த மலைமேல் உள்ள வெள்ளிமலைக்கு ஏற்றம் தொடங்கிவிடும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த பகுதி; சாலை தாமதமாகவே வந்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தபோது சாலை வசதியும் பேசப்பட்டது. பேருந்து எட்டாத மலை ஊர்களில் மரவள்ளி மூட்டையை இறக்கவும் பிரசவ வலி கண்டவரைக் கொண்டுவரவும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் உதவும். அப்படிப்பட்ட புதிய வண்டிக்கு இன்று பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் வேண்டும். நாற்பது வயது ஜீப்பை வைத்திருப்பவர் இன்ஜினை மட்டும் மாற்றப் பார்ப்பதில் வியப்பில்லை. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது மலையை அறியாத பேச்சு.

வேலையின் நுணுக்கம் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கிறது. இரண்டின் போல்ட் துளைகளும் பொருந்தாது என்பதால் நடுவில் ஓர் அடாப்டர் தகடு வரும். இன்ஜினின் கிராங்க் மையமும் கியர் பாக்ஸ் ஷாப்டின் மையமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். நூலளவு விலகினாலும் பைலட் பேரிங் முதலில் இரையும், பிறகு கிளட்ச் தட்டு ஒரு பக்கமாகத் தேயும். பிளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கிற பட்டறைக்காரர் அந்த வேலையைக் கற்றவர். போல்ட் நுழைந்துவிட்டதே போதும் என்பவரிடம் வண்டியை விடக் கூடாது. நான்கு சக்கர இழுவை வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் இன்ஜினுக்குக் கீழேதான் இருக்கிறது. வேறு வடிவ ஆயில் சம்ப் வந்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் பட்டை எழும்பும்போது இரண்டும் மோதிக்கொள்ளும். நின்றிருக்கும் வண்டியில் இது கண்ணுக்குத் தெரியாது.

இழுவிசையும் கணக்கில் வர வேண்டும். ஹரிக்கேன் இன்ஜின் தரும் முறுக்குவிசை சுமார் 155 நியூட்டன் மீட்டர். 2010-இல் வந்த மஹிந்திராவின் முதல் 'தார்' வண்டியின் சி.ஆர்.டி.இ. டீசல் இன்ஜின் 247 தருகிறது. முன்னதற்கென அமைந்த கியர் பாக்ஸும் ஆக்சிலும் பின்னதை எத்தனை நாள் தாங்கும் என்பதை இன்ஜின் வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

இவை கெட்டால் வண்டி நிற்கும், பணம் போகும். பிரேக் கெட்டால் நிலைமை வேறு. பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் தட்டு மூடிக்கொள்ள, மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. பூஸ்டர் வைத்த வண்டிகளில் பிரேக் மிதியை எளிதாக்குவது அந்த வெற்றிடம்தான். வழக்கமான டீசல் இன்ஜினில் அப்படி அடைக்கும் தட்டு கிடையாது, வெற்றிடமும் வராது. ஆல்டர்னேட்டருக்குப் பின்னாலோ தனியாகவோ ஒரு வேக்குவம் பம்ப் ஓடியாக வேண்டும். அதை மறந்தாலும், குழாயில் விரிசல் இருந்தாலும், மிதி கல்லாக இறுகிவிடும். பழைய ஜீப்புகளில் பூஸ்டரே இல்லாதவை பல. அவற்றில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், அதுவும் பழைய எடைக்கும் பழைய வேகத்துக்கும் அளவெடுத்தது. ஒன்றரை டன் வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரில் பிடிக்காமல் இறங்கினால் அத்தனை வெப்பமும் நான்கு டிரம்களுக்குள் போகும். லைனிங் வழுக்கத் தொடங்கும். எலவனாசூர்கோட்டை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்து நன்றாக நிற்கிறது என்று திருப்திப்பட்ட வண்டி, வெள்ளிமலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் வேறு வண்டியாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விலக்குகள் சில உண்டு. எரிவாயு, பேட்டரி போன்றவற்றுக்கு மாற அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்தலாம். குறைந்தது பத்துப் போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவர், அதே தயாரிப்பும் அதே வகையுமான இன்ஜினை முன் அனுமதியின்றி மாற்றிக்கொள்ள மாநில அரசு இசைவு தரலாம். ஒரே ஒரு ஜீப் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இதனால் மாற்றம் நின்றுவிடவில்லை, ஒளிந்துகொண்டது. ஆர்.சி. புத்தகத்தில் ஓர் இன்ஜின் எண், வண்டியில் இன்னொன்று. விபத்து நடந்தால் இந்த முரண்பாட்டைக் காப்பீட்டு நிறுவனம் கையில் எடுக்கும். அலைய வேண்டியது காயம்பட்டவரும் அவர் குடும்பமும். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போனால் பிடிபடுவோம் என்ற அச்சத்தில், சோதனை மிக வேண்டிய வண்டிதான் சோதனைக்கே போகாமல் சுற்றுகிறது. வட மாநிலங்களில் பம்புசெட் இன்ஜினை வண்டியில் ஏற்றிச் செய்யும் 'ஜுகாட்' விஷயத்தில், அதுவும் மோட்டார் வாகனமே என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்க வேண்டியிருந்தது. பதிவும் காப்பீடும் இல்லாத வண்டியில் அதுவரை அடிபட்டவர்களின் இழப்பு சிறிதல்ல.

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வி.எஸ்.பி. 14 என்ற தேசிய நெறிமுறை, வண்டியின் எடைக்கு எவ்வளவு பெரிய இன்ஜின் வரை போடலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பொறியாளர் வண்டியைப் பார்த்துச் சான்று தருகிறார். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், வண்டியின் ஆண்டுக்கு முந்தைய இன்ஜினைப் போட முடியாது. அதன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முழுமையாக உடன் வர வேண்டும். புகை கூடும் என்பது இங்கே எழக்கூடிய நியாயமான மறுப்பு. கலிஃபோர்னிய விதியே அதற்குப் பதில். திருட்டு இன்ஜின் நுழையும் என்ற கவலைக்கும் தீர்வு எளிது: விற்பனை ரசீதும் இன்ஜின் எண்ணும் பதிவில் ஏறினால் திருடியதை விற்பதுதான் கடினமாகும். இன்று எந்த எண்ணும் எங்கும் ஏறுவதில்லை.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆஸ்திரேலிய நெறிமுறை போன்ற ஒன்றை விதியாக வெளியிட வேண்டும். தமிழ்நாடு அரசு அதைக் கேட்டு வாங்க வேண்டும். வாகனச் சோதனைக்குச் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஓர் ஆய்வு மையமே இருக்கிறது. அடிக்கடி நடக்கும் மாற்றங்களை, எந்த ஜீப்பில் எந்த இன்ஜின் என்று, அங்கே ஒருமுறை சோதித்து வரைபடத்தோடு வெளியிட்டால், ஒவ்வொரு வண்டியும் சென்னை வரை போகத் தேவையில்லை. மீதியை மாவட்டத்திலேயே பார்த்துவிடலாம். மோட்டார் வாகன ஆய்வாளரை ஊரார் இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் அழைக்கிறார்கள். அவர் சேஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுப்பதோடு நில்லாமல், முழுச் சுமையோடு வண்டியை மலையிலிருந்து இறக்கச் சொல்லி, அடிவாரத்தில் டிரம்மின் சூட்டையும் மிதியின் ஆழத்தையும் பார்த்துச் சான்றெழுத வேண்டும். ஏற்கெனவே மாற்றிய வண்டிகளுக்கு அபராதமின்றிப் பதிவு செய்துகொள்ள ஓராண்டு அவகாசம் தர வேண்டும். அந்தச் சான்று கையில் வரும் வரை, இன்ஜின் மாற்றிய ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைச் சாலையில் இறங்கக் கூடாது.