‘புகார் எதுவும் இல்லை’ என்று எழுதியது யார்?

“மருந்துக்குச் சாதி தெரியாது.” மருத்துவமனைக்குள் சாதி இருக்கிறது என்று நாங்கள் பேசத் தொடங்கினாலே இந்த வசனத்தைத்தான் முகத்தில் எறிகிறார்கள். சரி, மருந்துக்குத் தெரியாது. ஆனால் விழுங்கிய மாத்திரை ஒரு உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்த்து, கேட்டு, எழுத வேண்டியவர் ஒரு மனிதர். வார்டில் அவர் பெரும்பாலும் செவிலியர். அவர் யாரைக் கேட்கிறார், யார் சொல்வதை நம்புகிறார் என்ற இடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது தோழர்களே.

பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஒரு அக்காவை நாங்கள் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். அக்கா தூய்மைப் பணியாளர். காசநோய் மருந்து மூன்றாவது மாதம். “சிஸ்டர், உள்ளங்கால் எரியுது. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியல” என்றார். பதிலுக்கு வந்த முதல் கேள்வி, “எந்த ஏரியா?” சொன்னோம். அடுத்த கேள்வி, “தண்ணி போடுவியா?” அக்கா வாழ்நாளில் குடித்ததில்லை. “உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் தாங்கும். மாத்திரைய மட்டும் நிறுத்திடாத.” கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்தோம். புகார் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது.

ஐசோனியாசிட் மாத்திரை உடம்பில் பி6 வைட்டமினைக் குறைக்கும். கால் எரிவதும் மரத்துப்போவதும் அதனால் வரலாம். அதற்குப் பைரிடாக்சின் என்ற மலிவான மாத்திரை இருக்கிறது. குடியைப் பற்றிக் கேட்டது தவறே இல்லை. குடிப்பவருக்கு நரம்பும் ஈரலும் கெடும் ஆபத்து அதிகம். ஆனால் அக்கா “இல்லை” என்ற பிறகும் அந்தக் கேள்வியே பதிலாகிப்போனது. முகவரியைக் கேட்டவுடனே நோயறிதல் முடிந்துவிட்டது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டிய ஊர்களின் பெயரே இன்று சாதிச் சான்றிதழாக வேலை செய்கிறது.

செவிலியப் பாடத்திலேயே மதிப்பிடுதல் ஒரு தனிப் படி. கொடுத்த சிகிச்சை பலித்ததா, கெடுத்ததா என்று திரும்பிப் பார்க்கும் படி. காசநோய் மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தாம்புட்டால் கண்ணைத் தாக்கினால் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போகலாம். பைராசினமைடு மூட்டு வலி தரும். வாந்தியும் மஞ்சள் கண்ணும் ஈரல் கெடுவதன் அறிகுறியாக இருக்கலாம். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அது ஆபத்தில்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இவற்றில் பலவும் பரிசோதனைக் கூடத்துக்கு முன்னால் நோயாளியின் வாயில்தான் வருகின்றன. அந்த வாயை நம்பாதவர் எதை மதிப்பிட முடியும்?

இயந்திரம் பொய் சொல்லாது என்பார்கள். தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இருந்தால் தீவிர நோயாளி என்று பிரிக்கிறார்கள். உடல் எடை, மூச்சு வேகம், துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம், பாராட்டுகிறோம். ஆனால் விரலில் மாட்டும் அந்த ஆக்சிமீட்டர் தோலின் வழியாக ஒளியைப் பாய்ச்சிக் கணக்கிடுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையாகவே குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று காட்டியது. கறுப்பு நிறம் ஒரு சாதிக்குச் சொந்தமில்லை, எல்லாச் சாதியிலும் உண்டு. ஆனால் கருவி 95 காட்டும்போது “மூச்சு முட்டுது” என்று சொல்பவர் சேரிக்காரராக இருந்தால், எதை நம்புவார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

இதற்குப் பிறகு பழி நம் மேலேயே விழும். மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்கள், டிஃபால்ட்டர்கள்! உலக சுகாதார நிறுவனமே 2013-ல் அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டது, நம் வார்டுகளில் இன்னும் காதில் விழுகிறது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியபோது காற்று, ஓய்வு, சாப்பாடுதான் வைத்தியம். ஏழையைப் படுக்கையில் கிடத்தினால்தான் குணமாவான் என்று அதற்குப் பிறகும் நம்பினார்கள். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கி, 1959-ல் முடிவு வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்த சென்னையின் ஏழைகள், சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள். அங்கே ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஏழைக்கு மருந்து சாப்பிடத் தெரியாது என்ற அவதூறுக்கு இதே ஊரில் அப்போதே பதில் வந்துவிட்டது.

செவிலியர்களை எதிரியாக்க நாங்கள் எழுதவில்லை. அவர்களில் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். 2017 நவம்பரில் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்த ஒப்பந்தச் செவிலியர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியதை மறந்துவிடாதீர்கள். மருத்துவக் கல்லூரி அல்லாத மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. இரவில் ஒரு வார்டுக்குள் போய் எண்ணிப் பாருங்கள். நேரமில்லாதபோது யாரைக் கேட்பது, யாரை விடுவது என்று ஒருவர் தேர்ந்தெடுக்கத்தான் செய்வார். யார் விடுபடுகிறார் என்பதுதான் நம் பிரச்சினை. ஆள் போடாத அரசும் அந்தக் கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

எங்கள் கோரிக்கை, நோயாளி சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். “கால் எரியுது” என்றால் ‘கால் எரிகிறது’ என்று, தேதியோடு. மாணவர்களே, நோயாளியோடு துணைக்குப் போகிறவர்கள் அதை எழுதும்வரை அங்கிருந்து நகராதீர்கள். எழுத மறுத்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவை நோயாளியே நேரடியாகத் தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் ஒரு படிவம் உண்டு, தமிழிலும் கிடைக்கிறது. இலவசத் தொலைபேசி 1800-180-3024. அந்த அக்காவுக்கு நாங்கள் இதைச் செய்யவில்லை, அப்போது எங்களுக்கு இது தெரியாது. வேறொரு டாக்டர் பைரிடாக்சின் எழுதிக்கொடுக்க இன்னும் ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அவர் அதே காலோடு விடியற்காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.